தாளத்தை இழுத்தால் சுருதியும் வரும்

ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் கடைசிப் பகுதி மேல் அடுத்த பாட்டின் தொடக்கத்தைப் படியவைத்து, ஆடுபவர்களின் கால் ஒரு கணமும் நிற்காமல் பார்த்துக்கொள்வது டிஜேயின் தொழில். இரண்டு பாட்டுகள் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் இரண்டு பொருத்தங்கள் வேண்டும். வேகம் ஒத்துப்போக வேண்டும்; இல்லையேல் இரண்டு டிரம்ஸும் மாறி மாறி விழுந்து, கல்பாவிய தெருவில் குதிரைகள் கலைந்தோடுவது போலக் கேட்கும். சுருதி ஒத்துப்போக வேண்டும். இல்லையேல் பக்கத்துப் பக்கத்துக் கோயில்களில் இரண்டு நாதஸ்வரம் வேறு வேறு கட்டையில் வாசிப்பது போல இருக்கும். முதல் பொருத்தத்தை டிஜேக்கள் 1970ஐ ஒட்டிக் கைவசமாக்கினார்கள். இரண்டாவது அவர்கள் கைக்கு முழுதாக வர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. காரணம் ரசனைக் குறைவு அல்ல. இசைத்தட்டில் வேகமும் சுருதியும் ஒரே அச்சில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றைத் தனியாக நகர்த்த வழி இல்லை.

சுழலும் தட்டில் வெட்டப்பட்ட வரிப்பள்ளத்தை ஊசி தடவிச் செல்கிறது. தட்டு வேகமாகச் சுற்றினால் டிரம்ஸ் நெருங்கி விழும். கூடவே பள்ளத்தின் அலைகளும் நெருங்கி, குரல் மேலேறும். வேகத்தை ஏறக்குறைய 6 விழுக்காடு கூட்டினால் பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும். ஆறு கட்டையில் பதிவான பாட்டு ஆறரைக் கட்டைக்குப் போய்விடும். 3 விழுக்காடு கூட்டினால் நிலைமை இன்னும் மோசம்: இரண்டுக்கும் நடுவே, ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையிலும் சேராத இடத்தில் போய் நிற்கும். இந்தக் கலையின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சை அவிழ்த்த வரலாறு.

1965இல் நியூயார்க்கில் திறந்த ஆர்தர் என்ற கேளிக்கை விடுதியில் டெரி நோயல் இரண்டு தட்டுகளைக் கலந்து போட்டுப் பார்த்தார். ஆனால் டிரம்ஸோடு டிரம்ஸைப் பொருத்தி நீண்ட நேரம் ஓட்டுவதைத் தொழிலாக ஆக்கியவர் பிரான்சிஸ் கிராஸோ. 1968இல் சால்வேஷன் டூ என்ற விடுதியில் நோயல் குறித்த நேரத்துக்கு வராத ஓர் இரவில் அவர் இடத்தில் நின்றவர் இவர். பிறகு மேற்கு 43ஆம் தெருவில், ஒரு பழைய ஜெர்மன் தேவாலயத்தை விடுதியாக மாற்றி நடத்திய சாங்க்சுவரியில் வாசித்தார். பலிபீடம் இருந்த இடத்தில் இரண்டு தோரன்ஸ் டர்ன்டேபிள்கள் இருந்தன. 1971இல் வெளிவந்த 'க்ளூட்' என்ற ஹாலிவுட் படத்தில் அந்த விடுதியையும் கிராஸோவையும் பார்க்கலாம்.

கிராஸோ கைக்கொண்ட உத்தி வானொலி நிலையத்திலிருந்து வந்தது. அறிவிப்பாளர் பேசி முடித்த நொடியில் பாட்டு தொடங்க வேண்டும் என்பதற்காக, சுழல்மேடைக்கும் தட்டுக்கும் நடுவே வழுவழுப்பான கம்பளித் துணி வட்டம் ஒன்றைப் போட்டிருப்பார்கள். கீழே மேடை சுழன்றுகொண்டே இருக்கும். தட்டை விரலால் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். விரலை எடுத்தால் பாட்டு முழுவேகத்தில் கிளம்பும். அந்தத் துணிக்குப் பிற்காலத்தில் ஸ்லிப்மேட் என்று பெயர். ஹெட்போனில் அடுத்த தட்டின் முதல் பீட்டைத் தேடிப் பிடித்து, அறையில் ஓடும் பாட்டில் ஒரு சுற்றின் முதல் பீட் வரும் கணத்தில் விரலை எடுப்பார் கிராஸோ. தோரன்ஸில் வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. மிச்சத்தை விரல் நுனி பார்த்துக்கொள்ளும். சிகாகோ குழுவின் 'ஐ ஆம் எ மேன்' பாட்டின் டிரம்ஸ் மேல் லெட் செப்லினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் முனகல்களை இரண்டு நிமிடம் மிதக்கவிட்டது அவருடைய கையொப்பமாகப் பேசப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்தவை டிரம்ஸும் முனகலும் என்பது கவனிக்கத்தக்கது. இரண்டிலும் சுருதி பெரிதாக இல்லை. மோதுவதற்கு ஒன்றும் இல்லை. அக்கால டிஜேக்கள் சுருதிச் சிக்கலைத் தீர்க்கவில்லை, ஒதுங்கிப் போனார்கள்.

எல்லோரும் இந்த வழியில் போகவும் இல்லை. 1970 பிப்ரவரியில் லாஃப்ட் என்ற நடன விருந்துகளைத் தொடங்கிய டேவிட் மான்குசோ, பிற்காலத்தில் இரண்டு தட்டுகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸரையே தூக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை முழுதாக ஒலிக்கவிட்டார். பாடியவர் நினைத்தபடியே பாட்டு கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது.

வேகப் பொருத்தத்துக்கு அப்போதிருந்த பெரிய இடைஞ்சல் மனிதன். ஸ்டூடியோவில் டிரம்ஸ் வாசிப்பவர் பல்லவியில் ஒரு வேகத்திலும் உச்சத்தில் சற்றுக் கூடிய வேகத்திலும் வாசிப்பார். கேட்பவருக்கு அது உயிர். இரண்டு தட்டுகளைப் பொருத்தி ஓட்டுபவருக்கு உபத்திரவம். நிமிடத்துக்கு 124 பீட், அதாவது 124 பிபிஎம், பாட்டையும் 126 பிபிஎம் பாட்டையும் ஒரே கணத்தில் தொடங்கினால், முதல் பீட்டில் இரண்டும் ஒன்றாக விழும். அடுத்த பீட்டில் இடைவெளி ஒரு நொடியின் 1,000 பங்கில் ஏறக்குறைய 8 பங்கு, காது கண்டுகொள்ளாது. பத்துப் பன்னிரண்டு பீட் போனதும் டிரம்ஸ் தடித்து, பிறகு இரட்டை அடியாகக் கேட்கும். கால் நிமிடத்தில் ஒன்றின் அடி இன்னொன்றின் நடுவே விழும். சரியாக அரை நிமிடத்தில் வேகமான பாட்டு ஒரு முழு பீட் முந்தியிருக்கும். இரண்டு பிபிஎம் வித்தியாசத்துக்கே இந்தக் கதி என்றால், தானாகவே கூடியும் குறைந்தும் ஓடும் பாட்டுகளை ஒட்டிப் பிடிக்க டிஜே கையைத் தட்டைவிட்டு எடுக்கவே முடியாது.

இதற்குப் பதில் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. முதலில் தட்டுகள் டிஜேக்காகத் தயாராகத் தொடங்கின. பிலடெல்ஃபியாவின் டிரம்ஸ்காரர் ஏர்ல் யங், 1973இல் வந்த 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டில் நாலு அடிக்கும் பெரிய டிரம்மை ஒன்றுபோல மிதித்து, டிஸ்கோவின் நடையை வகுத்துக் கொடுத்தார். ஒலிக்கலவையாளர் டாம் மோல்டன் 1975இல் வெளியான குளோரியா கேய்னரின் 'நெவர் கேன் சே குட்பை' ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மூன்று பாட்டுகளை இடைவெளி இல்லாமல் கோத்தார். பக்கம் முழுவதும் ஏறக்குறைய 19 நிமிடம் ஒரே ஓட்டம். 12 அங்குல சிங்கிள் என்ற வடிவமும் அவர் கையில் தற்செயலாகப் பிறந்ததுதான். சோதனைப் பிரதி வெட்டும்போது 7 அங்குலத் தகடுகள் தீர்ந்துபோக, பெரிய தகட்டில் வெட்டினார்கள். பள்ளங்கள் அகலமாக விரிய இடம் கிடைத்ததால் ஒலி வலுத்துக் கேட்டது. கடைகளில் விலைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள், 1976இல் சால்சோல் நிறுவனம் வெளியிட்ட டபுள் எக்ஸ்போஷரின் 'டென் பர்சென்ட்'. அதை டிஜே வால்டர் கிப்பன்ஸ் நீட்டித் தொகுத்திருந்தார். தலையிலும் வாலிலும் வெறும் தாளம் ஓடும் பகுதிகள் இத்தகைய தட்டுகளில் வழக்கமாயின. அடுத்த பாட்டை ஒட்டுவதற்காக விட்ட ஓரத்துணி போன்றவை அவை.

இரண்டாவது திசை, டிரம்ஸ்காரரையே விலக்கியது. பீ ஜீஸ் குழு 1977இல் பிரான்சில் 'ஸ்டேயின் அலைவ்' பதிவு செய்தபோது அவர்களுடைய டிரம்ஸ்காரர் குடும்பக் காரணத்தால் ஊருக்குப் போயிருந்தார். 'நைட் ஃபீவர்' பாட்டில் அவர் வாசித்த பகுதியிலிருந்து சில அடிகளை வெட்டி, நாடாவை வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டார்கள். ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் பெயர் 'பெர்னார்ட் லூப்' என்று இருக்கும். அப்படி ஓர் ஆள் கிடையாது. நாடா வளையத்துக்கு இட்ட விளையாட்டுப் பெயர் அது. அதே ஆண்டில் ஜார்ஜியோ மொரோடர் டானா சம்மருக்காகச் செய்த 'ஐ ஃபீல் லவ்', மூக் சிந்தசைசரின் கடிகாரத் துடிப்பில் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே வேகத்தில் ஓடியது. பிறகு வந்தவை ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 (1980), டிஆர்-909 (1983). கருவிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மிடி முறையும் 1983இல் வந்தது. சிகாகோவில் வேர்ஹவுஸ் விடுதியில் பெயர் பெற்ற ஃபிராங்கி நக்கிள்ஸ், டெட்ராயிட்டின் டெரிக் மே விற்ற ஒரு 909ஐ வாங்கித் தட்டுகளுக்கு அடியில் ஓடவிட்டார். அந்த வட்டாரத்தில் உருவான ஹவுஸ் இசை பிறக்கும்போதே இயந்திரத் தாளத்தோடு பிறந்தது. 120 என்றால் கடைசிவரை 120.

வேகத்தை எண்ணால் சொல்லும் பழக்கமும் இதே காலத்தில்தான் படிந்தது. நிறுத்துக் கடிகாரத்தை வைத்து அரை நிமிடத்துக்கு எத்தனை பீட் என்று எண்ணி இரட்டித்து, உறையின் மூலையில் பேனாவால் எழுதிவைப்பார்கள். 1970களின் இறுதியில் பிரிட்டனின் ரெக்கார்ட் மிரர் இதழில் ஜேம்ஸ் ஹாமில்டன் புதிய தட்டுகளுக்கெல்லாம் பிபிஎம் கணக்கிட்டு அச்சிட்டார். பாட்டு எப்படி என்று எழுதுகிறவர் வேகத்தையும் அளந்து எழுத வேண்டும் என்று ஆனது.

கருவிப் பக்கம் தீர்ப்பெழுதியது ஜப்பானின் மட்சுஷிட்டா. ரப்பர் வாருக்குப் பதிலாக மோட்டாரே நேராக மேடையைச் சுழற்றும் எஸ்பி-10ஐ டெக்னிக்ஸ் என்ற பெயரில் விற்ற அந்த நிறுவனம், 1972இல் எஸ்எல்-1200ஐக் கொண்டுவந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்காகச் செய்தது அது. விடுதிகளில் அதற்கு நேர்வதைப் பார்த்துத் திருத்திய மார்க் 2, 1979இல் வந்தது. குவார்ட்ஸ் படிகத்தால் வேகம் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. விளிம்பில் புள்ளிகள் பொறித்த மேடை, பக்கத்தில் ஒளிவிளக்கு. வேகம் சரியாக இருந்தால் புள்ளிகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். திருகும் குமிழ் போய், வலப்பக்கம் நீளமான ஸ்லைடர் வந்தது: மேலும் கீழும் 8 விழுக்காடு. நீளம் இருந்தால்தான் விரல் நுண்மையாக நகரும். 120 பிபிஎம் பாட்டை அதில் 110 வரை இறக்கலாம், 129 வரை ஏற்றலாம்.

ஸ்லைடருக்கு இட்ட பெயர் 'பிட்ச்', அதாவது சுருதி. அதை நகர்த்தியவர்கள் எல்லோரும் வேகத்துக்காகவே நகர்த்தினார்கள். முடிச்சு பெயரிலேயே இருந்தது.

மார்க் 2வில் ஒரு கலவை நடக்கும் விதம் இது. அறையில் 124இல் ஒரு பாட்டு ஓடுகிறது. அடுத்த தட்டு 126. ஹெட்போன் ஒரு காதில். மற்றக் காது அறைக்கு. முதல் பீட்டின் மேல் ஊசியை நிறுத்தி, தட்டை முன்னும் பின்னுமாக ஆட்டி, எட்டு அளவு கொண்ட ஒரு சுற்று தொடங்கும் இடத்தில் விடுகிறார் டிஜே. ஹெட்போனில் புதிய பாட்டு முந்துகிறது. மேடையின் விளிம்பை விரலால் லேசாகத் தேய்க்கிறார், பின்வாங்குகிறது. மறுபடி முந்துகிறது. ஸ்லைடரில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறார். இப்போது பின்தங்குகிறது; தட்டின் நடுவிலுள்ள லேபிளை ஒரு விரலால் முன்னுக்குத் தள்ளுகிறார். ஒரு விழுக்காடு, அதற்கும் சற்று மேலே குறைத்ததும் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. மிக்ஸரில் பழைய பாட்டின் கீழொலியைத் தணித்து, புதியதன் கீழொலியைத் திறக்கிறார். கேட்பவருக்குத் தெரிவது அந்த ஒரு திருப்பம் மட்டும். கணக்குக்கும் காதுக்கும் தெரிவது இன்னொன்று: புதிய பாட்டின் சுருதி அரைக் கட்டையில் கால் பங்குக்கு மேல் இறங்கியிருக்கிறது.

இந்தக் கலைக்கு ஒரு விலகலான கிளை கோவாவில் வளர்ந்தது. அஞ்சுனா கடற்கரை வெயிலில் வினைல் தட்டு வளைந்துபோகும். ஊர் ஊராகத் தூக்கி வருவதும் பாரம். ஆகவே 1980களில் அங்கே டிஜேக்கள் கேசட்டுகளில் வாசித்தார்கள். பிறகு 1987இல் சோனி கொண்டுவந்த டேட் என்ற சிறிய டிஜிட்டல் நாடாவுக்கு மாறினார்கள். கோவா கில் போன்றவர்கள் இரவெல்லாம் அதிலேயே ஓட்டினார்கள். அந்த நாடாக் கருவிகளில் வேகத்தை மாற்ற ஸ்லைடர் கிடையாது. பொருத்த முடியாது என்றானதும் பாட்டுகளே அதற்கேற்ப வளைந்தன: கோவா டிரான்ஸ் பாட்டுகளின் தலையிலும் முடிவிலும் டிரம்ஸ் இல்லாமல் நீளமாக மிதக்கும் ஒலிகள் இடம்பெற்றன. தாளம் இல்லாத இடத்தில் தாளப் பொருத்தம் தேவையில்லை. நியூயார்க்கில் ஒட்டுவதற்கு வெறும் டிரம்ஸை விட்டார்கள். அஞ்சுனாவில் டிரம்ஸை எடுத்துவிட்டு வெறும் சுருதியை விட்டார்கள். இசையின் வடிவத்தைக் கருவி தீர்மானிப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

சுருதிப் பொருத்தம் 1980களில் பெயரும் பட்டியலும் பெற்றது. ஸ்டூவர்ட் சொரோக்கா என்ற அமெரிக்கர் நடனப் பாட்டுகளின் சுருதிகளைக் கேட்டுக் குறித்து 'ஹார்மானிக் கீஸ்' என்ற பட்டியலாக வெளியிட்டார். அந்தப் பணியைத் தொடர்ந்த மார்க் டேவிஸ், சங்கீதம் படிக்காத டிஜேக்கும் புரியும்படி கேம்லாட் சக்கரத்தை அமைத்தார். அடிப்படை புதியதல்ல. மேற்கத்திய இசையின் 24 சுருதி நிலைகளையும் வட்டத்தில் அடுக்கும் முறையை ஜெர்மானிய இசையாளர் ஹைனிகன் 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சிட்டிருக்கிறார். டேவிஸ் அதன் மேல் ஒரு கடிகார முகத்தைப் போட்டார். 1 முதல் 12 வரை எண்கள். மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. விதி எளிது: அதே எண்ணில் எழுத்தை மாற்றலாம், அல்லது எழுத்தை மாற்றாமல் ஓர் எண் முன்னோ பின்னோ போகலாம்.

இது ஏன் பலிக்கிறது என்பது நம் சங்கீதம் கேட்ட காதுக்கு உடனே விளங்கும். 8பி என்பது சி மேஜர், ஏறக்குறைய ஒரு கட்டைச் சங்கராபரணம். 8ஏ என்பது ஏ மைனர், ஆறு கட்டை நடபைரவி. சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் நடபைரவி. ஏழு சுரமும் அவையே. ஒரே எண்ணில் இரண்டு எழுத்துகள் இருப்பதன் பொருள் இதுதான். 8ஏவிலிருந்து 9ஏவுக்கு, அதாவது ஈ மைனருக்குப் போனால் ஏழில் ஒரு சுரம் மட்டும் அரைக் கட்டை மாறும். மற்ற ஆறும் பொது. மாறாக, ஏ மைனரும் அதற்கு அரைக் கட்டை மேலுள்ள பி ஃப்ளாட் மைனரும் ஆர்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் அவற்றுக்குப் பொதுவான சுரங்கள் இரண்டே. சக்கரத்தில் அது 3ஏ, ஐந்து வீடு தள்ளி. கைக்கு அருகில் இருப்பது காதுக்கு அருகில் இருப்பதில்லை என்பதை அந்தக் கடிகாரம் எண்ணால் காட்டியது.

ஆனால் தட்டு இருந்தவரை பட்டியல் பாதி உண்மைதான். அச்சிட்ட சுருதி, ஸ்லைடர் நடுவில் நிற்கும்போது மட்டும் சரி. இரண்டு தட்டையும் ஒரே அளவு ஏற்றினால் அவற்றின் உறவு கெடாது; ஒன்றை மட்டும் 6 விழுக்காடு ஏற்றினால் அது சக்கரத்தில் ஐந்து வீடு நகர்ந்துவிடும். ஆகவே சுருதிப் பொருத்தம் வேர்பிடித்தது, வேகம் எல்லாம் நெருங்கி நின்ற வகைகளில்: டிரான்ஸ், புரொக்ரசிவ் ஹவுஸ். அவற்றில் ராகச் சாயலுள்ள நீண்ட இழைகள் நிமிடக்கணக்கில் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும். மோதினால் மறைக்க முடியாது. பிரிட்டனின் சாஷாவும் ஜான் டிக்வீடும் 1996இல் வெளியிட்ட 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' தொகுப்பைக் கேட்டால், எங்கே ஒரு பாட்டு முடிந்தது என்று சொல்வது கடினம். டிரம்மும் இரைச்சலுமாக ஓடும் டெக்னோக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

முடிச்சை அவிழ்த்தது டிஜிட்டல் கணக்கு. ஒலியைக் குறுந்துண்டுகளாக அறுத்து, துண்டுகளுக்குள் அதிர்வெண்ணைத் தொடாமல், துண்டுகளின் இடைவெளியை மட்டும் நெருக்கினாலோ விரித்தாலோ வேகம் மாறும், சுருதி மாறாது. பேச்சொலிக்காக இவ்வகைப் பகுப்பை பெல் ஆய்வகத்தின் ஃபிளானகனும் கோல்டனும் 1966இலேயே விவரித்திருந்தார்கள். அதை விடுதி மேசைக்குக் கொண்டுவரும் அளவுக்குச் சில்லுகள் மலிவாக வேண்டியிருந்தது. பயனியர் நிறுவனம் 1994இல் வெளியிட்ட சிடிஜே-500 என்ற சிடி கருவியில் 'மாஸ்டர் டெம்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு ஸ்லைடரை நகர்த்தினால் வேகம் மட்டும் நகரும். தொடக்கத்தில் குரல் சற்றுக் கரகரத்தது, டிரம்ஸின் முனை மழுங்கியது. 2001இல் வந்த ஏபிள்டன் லைவ் மென்பொருள் பாட்டு முழுவதையும் ரப்பர் போல நீட்டித் தாளக் கட்டத்தில் பொருத்தியது.

மீதமிருந்தது பட்டியல் வேலை. 2006இல் யாக்கோவ் வொரோபியேவ் வெளியிட்ட 'மிக்ஸ்டு இன் கீ' மென்பொருள், கணினியிலுள்ள பாட்டுகளை அலசி ஒவ்வொன்றுக்கும் கேம்லாட் எண் ஒட்டியது. இவ்வகை மென்பொருள்கள் பொதுவாகச் செய்வது இது: பாட்டில் 12 சுரத்தானங்களும் எவ்வளவு வலுவாக ஒலிக்கின்றன என்று கூட்டி, அந்த வடிவத்தை 24 மாதிரிகளோடு ஒப்பிட்டு, எது அதிகம் ஒத்துப்போகிறதோ அதை அறிவிப்பது. மாதிரிகளுக்கு மூலம், உளவியலாளர்கள் கரோல் கிரம்ஹான்ஸலும் கெஸ்லரும் 1982இல் வெளியிட்ட கேட்டல் சோதனை. தவறும்போது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குத்தான் தவறும், ஏனெனில் அங்கேதான் சுரங்கள் பொது. சுரமே அரிதாக உள்ள பாட்டுக்கும் கேட்டால் ஓர் எண் சொல்லிவிடும். அதை நம்பாமல் இருக்கக் காது வேண்டும். கேம்லாட் வணிகப் பெயர் என்பதால், சி மேஜரை 1 என்று தொடங்கும் ஓப்பன் கீ என்ற மாற்று எண்முறையும் புழங்குகிறது.

2012இல் பயனியரின் சிடிஜே-2000 நெக்ஸஸ், பீட்டைத் தானே பொருத்தும் 'சிங்க்' பொத்தானோடு வந்தது. பல ஆண்டுப் பழக்கத்தை ஒரு பொத்தான் செய்துவிட்டதில் பழைய கைகளுக்கு வருத்தம் இருந்தது, இன்னும் இருக்கிறது. 2020இல் வந்த சிடிஜே-3000 சுருதியையும் ஓடும் பாட்டுக்கு ஏற்பத் தானே நகர்த்துகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரே அச்சில் இருந்த இரண்டும் இப்போது இரண்டு தனிப் பொத்தான்கள். எஸ்எல்-1200இன் உற்பத்தியை 2010இல் நிறுத்திய நிறுவனம் 2016இல் அதை மீண்டும் தொடங்கியது. அந்தக் கருவியில் சுருதியைப் பூட்டும் பொத்தான் இல்லை. ஸ்லைடரை இழுத்தால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன.